புளியமர உயரத்தில் சந்தனமாரி

பட்டாசுத் தொழிற்சாலையைத் தும்பையூரணிக்காரர்கள் பயராபீஸ் என்றுதான் சொல்வார்கள். ஊருக்குக் கிழக்கே இருந்த பயராபீஸ் வெடித்த அன்று உள்ளே இருந்தவர்களில் ஒன்பது பேர் செத்துப்போனார்கள், சந்தனமாரி மேலே போனாள். மேலே போனாள் என்பதைச் சாவுக்குச் சொல்கிற பேச்சாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பூச்சட்டி என்கிற புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கிற அறையில் வாசலோரமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தவளை அந்த வெடிப்பு உட்கார்ந்த வாக்கிலேயே, மடியில் விரித்திருந்த காகிதம்கூடக் கலையாமல் தூக்கி, வேலிக்கும் சாலைக்கும் பஸ் நிறுத்தத்துக்கும் மேலாகக் கொண்டுபோய், ஊரணிக் கரையை ஒட்டிய பொட்டலுக்கு நேர் மேலே, நன்றாக வளர்ந்த ஒரு புளியமரத்தின் உச்சி எவ்வளவு உயரமோ அவ்வளவு உயரத்தில் நிறுத்தியது. அதற்கு மேல் அவள் போகவில்லை, கீழேயும் வரவில்லை.

சத்தம் கேட்டு ஊரே பயராபீஸ் பக்கம் ஓடியது, ஓடியவர்களில் ஒருவரும் தலையை நிமிர்த்திப் பார்க்கவில்லை. அவள் புருஷன் கருத்தப்பாண்டி லாரியில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தவன், பாதி லோடில் விட்டுவிட்டு வந்து, இடிந்து கிடந்த சுவர்களுக்கு இடையில் குனிந்து குனிந்து அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். அவன் குனிவது அவளுக்குத் தெரிந்தது. அவள் அங்கிருந்து கத்தினாள், புகையும் ஓலமும் ஆம்புலன்ஸ் சத்தமும் தாண்டி அது அவனுக்குப் போய்ச் சேரவில்லை. ஒவ்வொருவராகத் தூக்கி வந்து வேப்பமர நிழலில் வரிசையாகக் கிடத்தியதை அவள் பார்த்தாள், யார் யார் என்பதைச் சேலையின் ஓரத்தை வைத்தும் கொலுசை வைத்தும் கீழே இருந்தவர்கள் கண்டுபிடிப்பதற்கு முன்னால் அவள் கண்டுபிடித்தாள். சாயங்காலமாகிக்கொண்டிருந்தபோது ஊரணிப் பக்கம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பொம்பளை, மரமே இல்லாத பொட்டலில் ஒரு துண்டு நிழல் விழுந்து கிடப்பதையும் அந்த நிழலுக்குள் குட்டிகள் ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு நிற்பதையும் கண்டு, எதனுடைய நிழல் என்று நிமிர்ந்து பார்த்தாள். பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது.

தீயணைப்பு வண்டியின் ஏணி எட்டியது. மேலே ஏறிப்போன ஆட்கள் அவள் இடுப்பைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார்கள், பாறையில் அறைந்த ஆணி மாதிரி அவள் அசையவில்லை. கயிறு கட்டி ஊர் ஆண்கள் எல்லோரும் சேர்ந்து இழுத்தார்கள், அவளுக்கு வலித்ததே தவிர ஒரு விரற்கடை இறங்கவில்லை. காற்றடித்தால் சேலை மட்டும் ஆடியது. அவளாகக் காலை நீட்டவோ எழுந்து நிற்கவோ முடியவில்லை, ஆனால் பசித்தது, தாகமெடுத்தது, தூக்கம் வந்தது. ஆகவே மூன்றாம் நாளிலிருந்து தும்பையூரணி அவளை இறக்குகிற வேலையை விட்டுவிட்டு அவளை வைத்துக் காப்பாற்றுகிற வேலையைத் தொடங்கியது. முருங்கைக்காய் பறிக்கிற தொரட்டிக்கம்புகளை ஒன்றோடொன்று கட்டி நீளமாக்கி, முனையில் கூடை மாட்டிச் சோறும் தண்ணியும் அனுப்பினார்கள். மழைக்குக் குடை போனது, குளிருக்குப் போர்வை போனது. மற்றக் காரியங்களுக்குப் பெண்கள் ஒரு வழி செய்தார்கள், ஆண்கள் அதைப் பற்றிக் கேட்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டார்கள்.

விசாரணைக்கு வந்த அதிகாரி ஒலிபெருக்கி வைத்துக் கேள்வி கேட்டார், அவளுக்கும் ஒரு மைக்கைத் தொரட்டியில் மாட்டி அனுப்பினார்கள். அதனால் அவள் சொன்னதை ஊரே கேட்டது. அந்த அறையில் நாலு பேர் இருந்தோம், வாசலோரம் எப்போதும் ஜெயசீலி மதினிதான் உட்காரும், அன்றைக்குக் காலையில் வெயில் கண்ணில் அடிக்கிறது என்று சொல்லி என்னை வாசலுக்கு வரச் சொல்லிவிட்டு மதினி உள்ளே போய் உட்கார்ந்தது, கொஞ்ச நேரத்தில் வெடித்தது, அவ்வளவுதான் எனக்குத் தெரியும் என்றாள் சந்தனமாரி. அதிகாரி எழுதிக்கொண்டு போனார். செத்தவர்களுக்கும் காயம்பட்டவர்களுக்கும் அரசாங்கம் பணம் கொடுத்தபோது அவள் இரண்டிலும் சேரவில்லை என்று பதில் வந்தது, கருத்தப்பாண்டி அதற்காகச் சண்டைக்குப் போகவில்லை.

செத்த ஒன்பது பேரில் ஒருத்தியான ஜெயசீலியின் புருஷன் சவரிமுத்து கொத்தனார். அவன் அந்த ஒலிபெருக்கியைக் கூட்டத்தின் கடைசியில் நின்று கேட்டான். கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய், வாசலில் எந்த நேரத்துக்கு வெயில் எங்கே விழுகிறது என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். அதற்குப் பின் அவன் மாதா கோயிலுக்கும் போகவில்லை, பொட்டல் பக்கமும் வரவில்லை.

ஊரில் மூன்று விதமாகப் பேசினார்கள். அம்மன் கோயில் பூசாரி மாடக்கண்ணு, தூக்கியது அம்மன், அதில் பேச்சே இல்லை, அந்தப் பிள்ளைக்கு அம்மன் பெயரை வைத்த அன்றைக்கே இது முடிவாகிவிட்டது என்றார். மருந்து படிந்து வெள்ளியாக மினுங்கிய அவள் கைகளைக் காட்டி வெள்ளிக்கை அம்மன் என்று பெயரும் வைத்தார், மழையில் அந்த மினுக்கம் கழுவிப்போன பிறகும் பெயர் நின்றது. ரிட்டயரான அறிவியல் வாத்தியார் பரமார்த்தலிங்கம், பத்துப் பேர் இருக்கிற இடத்தில் ஒருத்தர் பிழைப்பது நடக்கக்கூடியதுதான், அது யார் என்பதற்குக் காரணம் கிடையாது, வாசல் எந்தப் பக்கம் பார்த்திருந்ததோ அந்தப் பக்கம் அழுத்தம் வெளியேறியது என்று படம் போட்டு விளக்கினார். ஏன் இன்னும் இறங்கவில்லை என்று கேட்டால் அது ஆராய்ச்சியில் இருக்கிறது என்பார். தினமும் காலையில் தூக்குக்குண்டு கட்டிய நூலோடு வந்து அவளுக்கு நேர் கீழே தரையைக் குறித்துக்கொண்டு, டீ குடித்து, போகிற போக்கில் அன்றைய பேப்பரை அவளுக்கு உரக்கப் படித்துக் காட்டிவிட்டுப் போவார். பங்குச் சாமியார் நிதானமான மனுஷர், கடவுளுடைய காரியங்களை நாம் அவசரப்பட்டு வாசித்துவிடக் கூடாது என்று மட்டும் பிரசங்கத்தில் சொன்னார். ஆனால் பூசைக்கு வந்தவர்கள் வீட்டுக்குப் போய் அடுப்படியில் அதையேதான் பேசினார்கள், ஒருத்தியைத் தூக்க நீண்ட கை இன்னொருத்தியைத் தூக்க நீண்டிருக்கக் கூடாதா என்று.

பயராபீஸ் முதலாளி மட்டும் ஒன்றும் பேசவில்லை. வேறு ஊரில் வேறு பெயரில் தொழிலைத் தொடங்கி, புதுப் பூச்சட்டிப் பெட்டியின் மேல் காற்றில் உட்கார்ந்திருக்கிற ஒரு பெண்ணின் படத்தை அச்சடித்துவிட்டார். அந்த வருஷத் தீபாவளிக்கு அது நன்றாக விற்றது என்று சொன்னார்கள்.

பொட்டலில் கடைகள் வந்தன. தேங்காய், சூடம், வளையல், பிளாஸ்டிக் குடம், பிள்ளைகளுக்கு ஐஸ். கருத்தப்பாண்டி லோடு வேலையை விட்டுவிட்டு, அவளுக்கு நேர் கீழே இல்லாமல் கொஞ்சம் தள்ளி ஒரு டீக்கடை போட்டான், அவளைத் தனியே விட்டுவிட்டுப் போக அவனுக்கு மனசில்லை. பரீட்சை எழுதுகிறவர்கள் வந்தார்கள், கல்யாணம் தள்ளிப்போனவர்கள் வந்தார்கள். எல்லோரும் மேலே பார்த்து வரம் கேட்டார்கள். எனக்கு வரம் கொடுக்கத் தெரியாது, நான் சும்மா இங்கே இருக்கிறேன் என்று முதலில் அவள் ஒவ்வொருவருக்கும் சொல்லிப் பார்த்தாள். அம்மன் தன்னடக்கமாகப் பேசுகிறாள் என்று அவர்கள் கும்பிட்டார்கள். பிறகு அவள் சொல்வதை விட்டுவிட்டாள்.

வேறு ஒரு தினுசு ஆட்களும் வரத் தொடங்கினார்கள், அவர்கள் தேங்காயோ பூவோ கொண்டுவரவில்லை. ஊரை முழுக்கக் கடல் கொண்டுபோனபோது பனைமரத்தில் தொங்கிப் பிழைத்த ஒருத்தர் வந்தார். பள்ளத்தில் உருண்ட பஸ்ஸில், பின் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்ததால் பிழைத்த ஒரு மாப்பிள்ளை வந்தான், அது அவன் கல்யாணப் பஸ். ஒரே காய்ச்சலில் இரண்டு பிள்ளைகளில் ஒன்றை மட்டும் வீட்டுக்குக் கூட்டிவந்த ஒரு தாய், அந்த ஒன்றையும் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். இவர்களிடம் எல்லோரும், உன்னைக் கடவுள்தான் காப்பாற்றினார், உன்னால் இனி ஒரு பெரிய காரியம் ஆகவேண்டியிருக்கிறது என்று சொல்லியிருந்தார்கள். வருஷக்கணக்காகக் காத்திருந்தும் அந்தப் பெரிய காரியம் வரவில்லை. அவர்கள் பொட்டலில் உட்கார்ந்து அவளை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள், அவளும் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பாள், உனக்காவது தெரியுமா என்று அவர்கள் கேட்க, தெரியல என்று அவள் சொல்ல, அதன் பிறகு கொஞ்சம் இருந்துவிட்டு டீ குடித்துப் போய்விடுவார்கள். அவர்கள் போன நாட்களில் அவளுக்குச் சாப்பாடு இறங்கியது.

அவளை நிஜமாகவே வாட்டியது மகள் கனிதான். முத்துக்கனி என்று முழுப்பெயர், வெடிப்பு நடந்தபோது நாலு வயது. கருத்தப்பாண்டி அவளைத் தோளில் ஏற்றிக்கொண்டு நிற்பான், அவள், அம்மா இறங்கி வா, அம்மா இறங்கி வா என்று கூப்பிடுவாள், கையை நீட்டுவாள். முதல் மாதங்களில் அழுதுகொண்டே கூப்பிட்டாள். பிறகு சோறு சாப்பிட்டாயா என்று கேட்பது மாதிரிக் கூப்பிட்டாள், பதில் எதிர்பார்க்காமல், பள்ளிக்கூடம் போகும்போது ஒரு தரம், வரும்போது ஒரு தரம். அம்மாவோடு பேசுவதென்றால் கழுத்தை நிமிர்த்திக் கத்த வேண்டும் என்று பழகிவிட்டதால், வீட்டுக்குள் அம்மாவைப் பற்றிப் பேசினாலும் கூரையைப் பார்த்துக் கத்திப் பேசினாள். செத்தவர்களின் குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளைப் பொட்டல் வழியாகப் போகவிடுவதில்லை. ஆனால் ஜெயசீலியின் மகள் பிலோமியும் கனியும் அம்மாக்கள் வேலைக்குப் போன காலத்திலிருந்தே ஒன்றாக விளையாடியவர்கள், பிலோமி ஒரு வயது மூத்தவள். அவள் சுற்று வழியாக வந்து பள்ளிக்கூட வாசலில் கனிக்காகக் காத்திருப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூட்டம் அதிகமாயிருந்த மத்தியான நேரத்தில், சவரிமுத்து பொட்டலுக்கு வந்தான். வெடிப்புக்குப் பின் அவன் அங்கே வந்தது அதுதான் முதல் தடவை. வரிசையில் நிற்கவில்லை, கும்பிடவில்லை. தரையில் ஒரு கல்லைத் தேடி எடுத்தான், எறிந்தான். அது அவள் புருவத்தில் பட்டு ரத்தம் வந்து மண்ணில் சொட்டியது. இரண்டு பெண்கள் ஓடிப்போய் அந்த மண்ணை முந்தானையில் முடிந்துகொண்டார்கள். ஆண்கள் சவரிமுத்துவைப் பிடித்துக் கீழே தள்ளினார்கள், மாடக்கண்ணு பூசாரியே அவன் சட்டையைக் கிழித்தார்.

அவரை விடுங்கள், யாரும் கை வைக்கக் கூடாது என்று சந்தனமாரி மேலேயிருந்து சத்தம் போட்டாள். அத்தனை காலம் அவள் ஏதாவது உத்தரவு போட மாட்டாளா என்று காத்திருந்தவர்கள் ஆனதால் உடனே விட்டுவிட்டார்கள். சவரிமுத்து எழுந்து நின்றான். வாயில் மண் ஒட்டியிருந்தது.

"என் பொண்டாட்டி என்ன பாவம் பண்ணா, நீ என்ன புண்ணியம் பண்ணே?"

"தெரியலண்ணே."

"சாமியா, இல்ல சும்மாவா? ஏதாவது ஒண்ணு சொல்லு தங்கச்சி. சாமின்னா நான் அதுகிட்டச் சண்டை போட்டுக்கிடுறேன். சும்மான்னா வீட்டுல போய்ப் படுத்துக்கிடுறேன். ரெண்டுமில்லாம என்னால இருக்க முடியல."

அவள் அழுதாள். மறுபடியும் தெரியவில்லை என்றுதான் சொன்னாள். அவனிடம் சொல்ல வேறொன்று அவளிடம் இருந்தது, ஆனால் அதைக் கத்திச் சொல்ல முடியாது, ஐஸ்காரனும் வளையல்காரனும் கேட்கிற மாதிரிச் சொல்லக்கூடிய விஷயம் இல்லை அது. அந்த உயரத்திலிருந்து கத்தாமல் யாரோடும் பேசவும் முடியாது. சவரிமுத்து வாயைத் துடைத்துக்கொண்டு போனான். அவள் நெற்றிக்கு மஞ்சள்பற்று கூடையில் போனது.

இப்படி இரண்டு தீபாவளி போயிற்று. எந்த விசேஷமும் இல்லாத ஒரு வார நாளில் அவள் இறங்கினாள். பக்கத்து ஊரில் ஒரு பெரிய கோயிலுக்குக் கும்பாபிஷேகம், கடைக்காரர்கள் உட்பட ஜனம் பூராவும் அங்கே போயிருந்தது. வாத்தியாருக்குக் கண் ஆபரேஷன். கருத்தப்பாண்டி டீத்தூள் வாங்க டவுனுக்குப் போயிருந்தான், கனி பள்ளிக்கூடத்தில் இருந்தாள். சவரிமுத்து மட்டும் ஊரணிக்கு அந்தப் பக்கம் ஒரு வீட்டுக்குப் பூச்சு வேலை பார்த்துக்கொண்டிருந்தவன், மணல் தீர்ந்துபோனதால் வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டுப் பொட்டல் வழியே நடந்து வந்தான். சுற்றி வர அலுப்பாக இருந்தது, வேறு காரணமில்லை. மூடிய அறைக்குள் தூசி படிகிற மாதிரி, அவ்வளவு மெதுவாக, சந்தனமாரி இறங்கிக்கொண்டிருந்தாள். அவன் வந்து சேர்ந்தபோது அவள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கையாலும் மண்ணை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளால் கால்களைப் பிரிக்க முடியவில்லை. சவரிமுத்து பூச்சுக் கரணையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்து, தண்ணீர்ப் பாட்டிலைக் கொடுத்தான், பிறகு அவள் கால்களைப் பிடித்து, இறுகிப்போன கதவை நெம்புகிற பக்குவத்தில், கொஞ்சம் கொஞ்சமாக நீட்டிவிட்டான். வலியில் அவள் பல்லைக் கடித்தாள். நீட்டி முடித்ததும் அவள் சொன்னாள். அத்தனை காலம் கத்தியே பழகிய தொண்டையிலிருந்து மெல்லப் பேச வெகு நேரமாயிற்று.

அன்றைக்கு மதினி எங்களைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தது என்றாள். நீங்கள் முந்தின ராத்திரி தூக்கத்தில் பாடினீர்களாம், பாடினது மட்டுமில்லாமல் மதினி முதுகில் தாளமும் போட்டீர்களாம், எழுப்பினால் கண்ணை மூடிக்கொண்டே, குறுக்கே பேசாதே என்று அதட்டினீர்களாம். போர்மேன் வந்துவிடுவார் என்று வாயைப் பொத்திக்கொண்டு நாலு பேரும் சிரித்தோம். மதினிதான் அதிகமாகச் சிரித்தது, கண்ணில் தண்ணி வந்துவிட்டது. அதற்குள் எல்லாம் முடிந்துபோனது. மதினி பயந்துகொண்டு போகவில்லை அண்ணே, அதை உங்களிடம் சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தேன் என்றாள்.

சவரிமுத்து கரணையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"என்ன பாட்டாம்?"

"அதைச் சொல்லத்தான் வாயெடுத்துச்சு."

அவன் தலையை ஆட்டினான். நீ ஏன் இப்போது இறங்கினாய் என்று கேட்டான். தெரியவில்லை என்றாள் அவள். இதைக் கேட்டால் அவனுக்குக் கோபம் வரும் என்று அவள் நினைத்தாள், வரவில்லை. எழுந்து, தோளைக் கொடுத்து, அவளை வீடுவரைக்கும் நடத்திக் கூட்டிக்கொண்டு போய் விட்டான்.

கும்பாபிஷேகத்திலிருந்து திரும்பியவர்கள் ஆகாயத்தைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்கள். அம்மனுடைய விரதம் முடிந்தது, போனவர்கள் கொடுத்துவைக்காதவர்கள் என்றார் மாடக்கண்ணு. எதுவும் நிரந்தரமாக நிற்காது என்பதைத்தான் நான் ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன் என்றார் கண்ணில் பச்சைத் துணி கட்டியிருந்த வாத்தியார், அப்படி அவர் சொன்னதாக யாருக்கும் நினைவில்லை. கல்லெறிந்தவனை மன்னிப்பதற்காகத்தான் அவன் காலடியில் இறங்கினாள் என்று ஒரு கட்சி சொன்னது. அவள் இருந்த இடத்துக்குக் கீழே கம்பி வேலி போட்டு, வெறும் காற்றுக்குத் தீபாராதனை காட்டினார்கள். வெளியூர்க்காரர்கள் வந்து அந்த வெற்றிடத்தைக் கும்பிட்டுவிட்டு, பக்கத்தில் டீக்கடையில் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்த சந்தனமாரியிடம், அம்மன் எந்த உயரத்தில் இருந்தாள் என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். அவளும் புளியமர உயரம் என்று சொல்லி அனுப்பினாள். பிறகு அவள் காராச்சேவு பாக்கெட் போடுகிற வேலைக்குச் சேர்ந்தாள். நடை மட்டும் முழுசாகத் திரும்பவில்லை, படி இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொள்வாள்.

கனிக்குத்தான் பழக வெகுநாள் ஆயிற்று. அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டாலும் கூரையைப் பார்த்துத்தான் பதில் சொன்னாள். ஒரு விடுமுறை நாளில் சந்தனமாரி அவளுக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள், அடுத்து தனக்கு என்று ரிப்பனோடு பிலோமி காத்திருந்தாள். கனி கழுத்தை நிமிர்த்தி, தெருவுக்கே கேட்கிற மாதிரி, ஏம்மா நீ இறங்கி வந்தே என்று கேட்டாள். ஊரில் இருந்த அத்தனை பேரும் கேட்டும் அவள் காரணம் சொல்லாத கேள்வி அது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு தெரியவில்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"நீ தினமும் கூப்பிட்டேல்ல, அதான் வந்தேன்."

கனி திரும்பி, முதல் தடவையாக அம்மாவை நேராகப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சந்தோஷத்தில், பிலோமி ரிப்பனை விரலில் சுற்றிக்கொண்டே எழுந்து போனதைச் சந்தனமாரி கவனிக்கவில்லை.

அதன் பிறகு பிலோமி வரவில்லை. பள்ளிக்கூட வாசலிலும் நிற்கவில்லை. ஒரு சாயங்காலம் சவரிமுத்து வந்து, பிள்ளைக்குத் தொண்டை கட்டிப் பேச்சே வரவில்லை, மருந்து வாங்கிக் கொடுத்தாலும் ஆறவில்லை, பள்ளிக்கூடம் விட்டதும் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் நின்று கத்துகிறாளாம், காவல்காரர் சொன்னார் என்றான்.

"ஏன்னு கேட்டா, சத்தம் பத்தலைங்கிறா. இன்னும் சத்தமாக் கூப்பிடணும்கிறா."

சந்தனமாரி கையிலிருந்த வேலையை அப்படியே வைத்தாள். கனியைக் கையில் பிடித்துக்கொண்டு, விந்தி விந்திக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனாள், சவரிமுத்துவும் பின்னால் வந்து வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். பிலோமி அம்மாவின் சிலுவைக்கு முன்னால் புத்தகப் பையைக்கூட இறக்காமல் நின்று, கழுத்து நரம்பு புடைக்கக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். காற்றுதான் வந்தது, குரல் வரவில்லை.

சந்தனமாரி பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாமல் கஷ்டப்பட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

"பிலோமி, நான் அன்னைக்குக் கனிகிட்டப் பொய் சொல்லிட்டேன்."

பிலோமி திரும்பினாள்.

"அவ கூப்பிட்டதுனால நான் வரல. கூப்பிட்டது எல்லாம் கேட்டுச்சு. வரணும்னுதான் கெடந்து தவிச்சேன், வர முடியல. பிறகு ஒருநா சும்மா வந்துட்டேன். அன்னைக்கு அவ கூப்பிடக்கூட இல்ல, பள்ளிக்கூடத்துல இருந்தா."

கனியின் கை அவள் பிடியிலிருந்து நழுவியது. அந்தச் சின்ன முகம் வாடுவதைச் சந்தனமாரி பார்த்தாள், பார்த்தும் சொன்னதைத் திருப்பி எடுக்கவில்லை.

"அப்ப நான் கூப்பிட்டதெல்லாம்?" என்றாள் கனி, கத்தாமல்.

"கேட்டுச்சுன்னு சொன்னேன்லடா."

பிலோமி பக்கத்தில் வந்தாள். உடைந்த குரலில், எங்கம்மாவுக்கும் கேட்குமா என்றாள். சந்தனமாரி சிலுவையைப் பார்த்தாள், வாசலில் நின்றவனைப் பார்த்தாள். கேட்கும் என்ற சொல் அவள் நாக்கு நுனிவரை வந்தது.

"எனக்குத் தெரியலம்மா."

அந்தப் பிள்ளை புத்தகப் பையின் வாரைப் பிடித்து முறுக்கியது.

"நான் சத்தம் பத்தாமக் கூப்பிட்டேன்னு இல்லையே?"

"இல்ல. நீ நல்லாத்தான் கூப்பிட்டே. யாரும் இதைவிட நல்லாக் கூப்பிட முடியாது."

பிலோமி அப்போதுதான் புத்தகப் பையை இறக்கினாள். தொண்டை வலிக்கிறது என்று சொல்லி அழத் தொடங்கினாள். சந்தனமாரி அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்தாள். வளர்ந்த பிள்ளை, நல்ல கனம், கால்கள் நடுங்கின. கனி கீழே கிடந்த பையை எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டு, அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். வாசலில் சவரிமுத்து பிள்ளையை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினான். கொஞ்ச தூரம் நானே தூக்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு அவள் நடந்தாள்.